கடல் கடந்து கலை கண்ட கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

ஸ்ரீவில்லிபுத்தூர் திவ்ய தேசத்தில் ஸ்ரீ ஆண்டாளையும் ரெங்கமன்னாரையும் ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் கொடிமர மண்டபத்துத் தூண்களைக் கடந்து செல்கின்றனர். நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் உளி விளையாடிய தூண்கள் அவை. ஒரு தூணில் வேணுகோபாலன் குழலூதி நிற்கிறான். வேறு தூண்களில் இரதியும் மன்மதனும் எழில் காட்டுகின்றனர். வீரபத்திரர் சினந்து நிற்கிறார். இவர்களோடு ஒருவராக விசுவகர்மாவும் நிற்கிறார். தேவதச்சன் என்று புராணங்கள் போற்றுபவரும், சிற்பியர் தம் குலமுதல்வராகக் கொண்டாடுபவரும் அவரே. அத்தூணைச் செதுக்கிய சிற்பி தன் பெயரை அதில் பொறிக்கவில்லை. தன் மரபின் தெய்வத்தை வடித்துவிட்டு, உளியைத் தோளில் இட்டுக்கொண்டு போய்விட்டான்.

திருக்குட நீராட்டுக்கு முன்னர் புதிய திருமேனிக்குக் கண் திறக்கும் சடங்கு ஒன்று உண்டு. நயனோன்மீலனம் என்று ஆகமங்கள் அதனைக் கூறும். அதுவரை கல்லாக இருந்தது அந்நொடியில் கடவுளின் திருமேனியாகிறது. கல்லுக்குக் கண் திறப்பவர் ஸ்தபதியார். அக்கல்லைக் காண்பவருக்குக் கண் திறப்பதும் ஒரு திருப்பணியே ஆகும். அத்தகைய திருப்பணியை நம் கோயிற்கலைக்கு உலகளாவிய அளவிற் செய்தவர், கலாயோகி என்று தமிழ் மக்கள் அன்போடு அழைக்கும் டாக்டர் ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி அவர்கள். அன்னார் மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும், கோயிலுக்குப் பொருள் ஈந்து திருப்பணி செய்யும் பெருமக்கள் அவருடைய வாழ்விலிருந்து அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இன்றும் உள்ளது. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் குலமும்

ஆனந்த குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழ்ச் சைவ மரபில் வந்தவர், வழக்கறிஞர், இலங்கைச் சட்டசபை உறுப்பினர். கிறித்தவரும் யூதரும் அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது 1863-இல் இவரிடத்திலேதான் முதன்முதலில் நிகழ்ந்தது. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கியவரும், பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. தாயார் எலிசபெத், இங்கிலாந்தின் கெண்ட் நாட்டைச் சேர்ந்த அம்மையார்.

சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்து குமாரசுவாமியின் மருமக்கள். எனவே ஆனந்தருக்கு அத்தை மைந்தர். இருவருள் இராமநாதன், தம் தந்தையார் கொழும்பிற் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிற்பியரைக் கொண்டு முற்றிலும் கருங்கல்லால் எழுப்பிய பெருமான். இவ்வாறு கோயில் கட்டும் கையும் நூல் கற்கும் கண்ணும் ஒருங்கே வாய்ந்த குடும்பம் அது.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே தந்தையார் 1879-இல் காலமானார். இங்கிலாந்து சென்றிருந்த மனைவியையும் மகனையும் சேரும் பொருட்டு அவர் கப்பலேற இருந்த வேளையில் அம்மரணம் நேர்ந்தது. அதனால் ஆனந்தர் தமிழ் மொழியின் தாலாட்டை அறியாது, ஆங்கில நாட்டில், தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தையின் நாடு அவருக்குக் கேள்விப்பட்ட நாடாகவே இருந்தது. பின்னாளில் அந்நாட்டைத் தேடி அவர் மேற்கொண்ட பயணங்கள் யாவும் இழந்த தந்தையைத் தேடிய பயணங்கள் எனினும் பொருந்தும்.

கல்லைக் கற்றவர்

குளோஸ்டர்ஷயரிலுள்ள விக்ளிஃப் கல்லூரியிற் பயின்ற பின், இலண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900-இல் பட்டம் பெற்றார். நிலவியல் என்பது மண்ணையும் கல்லையும் அவற்றின் வயதையும் ஆராயும் கல்வி. இக்கல்வியே இலங்கைக்கு அவரை மீட்டு வந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராக அவர் பணியாற்றினார். தோரியமும் யுரேனியமும் கலந்த தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்து உலக விஞ்ஞானிகளுக்கு அறிவித்தார். 1906-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

அவர் விரும்பியிருந்தால் அத்துறையிலேயே புகழோடும் பொருளோடும் வாழ்ந்திருக்கலாம். ஆனால் கனிமம் தேடிக் கண்டி நாட்டு மலைகளிலும் சிற்றூர்களிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் திரிந்தபொழுது, வேறொரு செல்வம் அவர் கண்ணிற் பட்டது. ஊர் தோறும் தச்சரும் கொல்லரும் தட்டாரும் ஓவியரும் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் கையில் தலைமுறை தலைமுறையாக வந்த கலை இருந்தது. அக்கலைக்கு வேலை கொடுப்பார் இல்லை. கல்லை ஆராய வந்தவர், கல்லைச் செதுக்கிய கையை ஆராயத் தொடங்கினார். அவருடைய முதல் மனைவியார் எதெல் அம்மையார் நெசவிலும் பூவேலையிலும் நாட்டமுடையவர். அவர் புகைப்படங்கள் எடுத்துத் துணை செய்தார்.

இவ்வாய்வில் ஆனந்தர் கைக்கொண்ட முறை நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. நூலகத்தில் அமர்ந்து எழுதுவதோடு அவர் நிறைவு பெறவில்லை. கலைஞன் வாழும் இடத்திற்கே சென்றார். அவன் கருவிகளைப் பார்த்தார். அவன் கைவேலையைப் பொறுமையாகக் கவனித்தார். பின்னர் சாரிபுத்திரம், ரூபாவலியம் முதலிய சிற்ப நூல்களோடு தாம் கண்டதை ஒப்பிட்டார். நூலில் உள்ள அளவு கையில் எவ்வாறு வாழ்கிறது என்பதை இவ்வாறு அறிந்தார்.

கண்டி நாடு கற்பித்த பாடம்

அவர் அங்குக் கண்ட உண்மை இதுதான். கண்டி அரசு இருந்த காலத்தில் கலைஞர்கள் கூலிக்கு உழைத்தவர்கள் அல்லர். நம் நாட்டுக் கோயில்களில் மானியம் இருந்தது போலவே, அங்கும் அவர்களுக்கு நிலம் உண்டு. அந்நிலத்தை உழுது உண்டு, கோயிலுக்கும் அரசனுக்கும் உரிய கலைப்பணியைச் செய்தனர். வயிற்றைப் பற்றிய கவலை இல்லாததால் வேலையில் அவசரம் இல்லை. அவசரம் இல்லாததால் பழுது இல்லை. 1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. புரந்தோர் மறைந்தனர். வெளிநாட்டிலிருந்து மலிவான ஆலைப் பொருள்கள் வந்து இறங்கின. புதிதாகப் பணம் படைத்தவர்கள் பழைய வேலைப்பாட்டை நாகரிகமற்றது என்று எண்ணினர். செய்யும் கை இருந்தபோதே, செய்யச் சொல்வார் இல்லாமையால் கலை நலிந்தது.

இதனைக் கண்டு பொறாத ஆனந்தர், 1905-இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். முன்னோர் எழுப்பிய கட்டடங்களைக் காக்குமாறும், பரம்பரைக் கலைஞர்களுக்கு மீண்டும் வேலை அளிக்குமாறும் அதில் வேண்டினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது நிரம்பவில்லை. பிறப்பால் பாதி அயலார். அந்நாட்டு மொழிகளை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தவர். ஆயினும், உள்ளூர்ப் பெரியோர் காணத் தவறியதை அவர் கண்டார்.

கண்டி மலைகளில் அவர் ஆராய்ந்த கலைக்கும் நம் நாட்டுக்கும் பழந்தொடர்பு உண்டு. கண்டிக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரத்தை 1344-இல் கட்டிய சிற்பாசாரியார் கணேசுவராசாரி என்பவர் தென்னிந்தியர். கட்டடமும் தென்னிந்தியக் கோயிலமைப்பையே பெரிதும் தழுவியது. எம்பெக்கே என்னும் ஊரில் கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயத்தின் மரத்தூண்கள் வேலைப்பாட்டிற் புகழ் பெற்றவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி சந்நிதியின் முன்மண்டபத்தில் நிமிர்ந்து மர விதானத்தின் செதுக்கு வேலையைக் கண்டவர்களுக்கு எம்பெக்கே அந்நியமாகத் தோன்றாது.

கண்டி ஆய்வின் பயனாக 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் 1908-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் பிராட் காம்டன் என்னும் சிற்றூரில், ஆங்கிலக் கவிஞரும் கைவினைக் காவலருமான வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியைக் கொண்டு, 425 படிகள் மட்டும் கையால் அச்சிடப்பட்டன. கைவினையைப் போற்றும் நூல் கைவினையாகவே வெளிவர வேண்டும் என்பது ஆனந்தரின் கொள்கை. புத்தர் திருவுருவத்திற்குக் கண் எழுதும் நேத்திர மங்கலச் சடங்கை அந்நூலில் அவர் விரிவாக வருணித்திருக்கிறார். நம் நயனோன்மீலனத்தோடு அஃது உடன்பிறந்தது என்பதை அன்பர்கள் எளிதில் உணர்வர்.

பழிச்சொல்லும் மறுமொழியும்

பின்னர் ஆனந்தர் இந்தியா முழுவதையும் தம் ஆய்வுக்களமாகக் கொண்டார். 1907-இல் ஒரு முறை வந்தார். மீண்டும் வந்து கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். அலகாபாத்தில் 1910–11-இல் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கலைப்பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதன் பொருட்டு வட இந்திய நகரங்களிற் சுற்றித் திரிந்து ஓவியங்களையும் சிற்பங்களையும் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் திரட்டினார்.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞருட் பலர், இந்தியரிடம் கைத்திறன் உண்டு, உயர்ந்த கலை இல்லை என்று கருதி வந்தனர். பல கைகளோடு கூடிய நம் தெய்வத் திருவுருவங்கள் அவர்களுக்கு விகாரமாகத் தோன்றின. 1910-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டனில் ஈ. பி. ஹாவெல் ஆற்றிய சொற்பொழிவைத் தொடர்ந்து, அவைத் தலைவராக வீற்றிருந்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாத் தீவின் புத்தர் திருவுருவம் ஒன்றை வேகவைத்த பலகாரத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். அச்சொல் பல நல்லறிஞர்களின் உள்ளத்தைச் சுட்டது. அவ்வாண்டிலேயே ஹாவெலும் ஆனந்தரும் ஓவியர் ராதென்ஸ்டைனும் பிறரும் கூடி, இந்தியக் கலையை உள்ளபடி உலகுக்கு உணர்த்த இந்தியா சங்கத்தை இலண்டனில் நிறுவினர்.

சொல்லுக்குச் சொல் கொடுப்பதோடு ஆனந்தர் நின்றாரில்லை. 1914-இல் இந்தியச் சிற்பங்களின் படத்தொகுதி ஒன்றை நூலாக வெளியிட்டார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'விசுவகர்மா'. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தூணில் பெயர் தெரியாத சிற்பி எந்தக் குலமுதல்வரை வடித்தானோ, அவர் பெயரையே நூலின் முகப்பில் பொறித்தார். ஆடவல்லான் திருக்கூத்தின் உட்பொருளை விளக்கும் அவருடைய புகழ் பெற்ற கட்டுரை 1912-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை'யில் முதலில் இடம் பெற்றது. பின்னர் 1918-இல் நூலாகி உலகெங்கும் பரவியது. திருக்கைகளும் திருவடிகளும் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலைக் காட்டும் குறிப்புகள் என்பதை மேல்நாட்டார் அவர் வாயிலாகவே அறிந்தனர். நந்திகேசுவரர் இயற்றிய அபிநய தர்ப்பணத்தை துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து 1917-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

வைணவ அன்பர்கள் மகிழத்தக்க பணி ஒன்றும் உண்டு. இராசஸ்தானத்திலும் பஞ்சாப் மலை நாடுகளிலும் சிற்றரசர்களின் ஆதரவில் வளர்ந்த ஓவியங்கள், அதுவரை மொகலாய ஓவியங்களோடு கலந்து எண்ணப்பட்டன. அவற்றைத் தனி மரபாக முதலிற் பிரித்துக் காட்டி, 1916-இல் 'இராசபுத்திர ஓவியம்' என்னும் நூலை இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்டார். அவ்வோவியங்களின் உயிர், கண்ணனும் கோபியரும் ஆடிய லீலை. தான் பிறந்த ஊரையே ஆயர்பாடியாகப் பாவித்த கோதை நாச்சியாரின் உள்ளத்தையும், காங்க்ரா மலைச்சாரலையே பிருந்தாவனமாக எழுதிக் காட்டிய ஓவியனின் உள்ளத்தையும் ஒரே அன்பு ஆண்டது என்பதை நாம் உணரலாம்.

கேட்பாரற்ற கொடை

இனிக் கூறப்போவது வருந்தத்தக்க செய்தி. ஆனந்தர் திரட்டிய கலைச்செல்வம் மிகப் பெரியது. அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவோ விற்றுப் பொருளீட்டவோ அவர் எண்ணவில்லை. காசி நகரில் ஒரு தேசியக் கலைக்கூடம் எழுப்பப்படுமானால், தம் தொகுப்பு முழுவதையும் அதற்கே அளித்துவிடுவதாக அறிவித்தார். அரசர்களும் ஜமீன்தார்களும் பெருவணிகர்களும் நிறைந்த நாடு இது. ஆயினும், கட்டடம் எழுப்பப் பொருள் தர எவரும் முன்வரவில்லை.

இதற்கிடையே முதல் உலகப் போர் மூண்டது. அடிமை நாட்டின் மைந்தனாகிய தாம், தம் நாட்டை அடக்கி ஆளும் அரசுக்காகப் போரிடுதல் தகாது என்று ஆனந்தர் மறுத்தார். இங்கிலாந்தில் அவருக்கு இடம் இல்லாது போயிற்று. அவ்வேளையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகம் அவரை அழைத்தது. டென்மன் ராஸ் என்னும் செல்வர் ஆனந்தரின் தொகுப்பை விலைக்கு வாங்கி அவ்வருங்காட்சியகத்திற்கு அளித்தார். 1917-இல் ஆனந்தர் அங்கு இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராக அமர்ந்தார். இன்று நம் இளைஞர் ஒருவர் அவ்வோவியங்களைக் காண விரும்பினால், பாஸ்டனுக்குச் செல்ல வேண்டும்.

இதற்கு அவரைக் குறை கூறுதல் முறையன்று. அவர் கொடுக்க முன்வந்தார். வாங்க நாம் முன்வரவில்லை. இருளில் திருடப்பட்டுக் கடல் கடந்த கோயில் திருமேனிகளின் கதை வேறு. இது பகலில், எல்லாரும் பார்த்திருக்க, நம் அசட்டையால் நேர்ந்த இழப்பு.

ஜாவாவும் காம்போஜமும்

பாஸ்டனில் அமர்ந்த பின்னும் ஆனந்தரின் கால்கள் ஓய்ந்தில. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பான், சீனம், காம்போஜம், ஜாவா ஆகிய நாடுகளுக்குச் சென்று, கோயில்களையும் ஆடல்களையும் கைவினைகளையும் கண்டு வந்தார். எந்த ஜாவா நாட்டுப் புத்தர் திருவுருவம் இலண்டன் அவையில் இகழப்பட்டதோ, அந்நாட்டிற்கே சென்றார். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த போரோபுதூர் அடுக்கடுக்காய் மலை போல் நிற்பதும், பிரம்பானனில் சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் தனித்தனிக் கோயில்கள் எழுந்து, சுவர்களில் இராமகாதை சிற்பமாய் ஓடுவதும் அத்தீவின் பெருமைகள்.

காம்போஜத்தில் இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய அங்கோர் வாட் முதலில் திருமாலுக்கே உரிய ஆலயமாக விளங்கியது. அதன் நடைச்சுற்றில் திருப்பாற்கடல் கடைந்த வரலாறு ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்திற்கு ஒரே தொடராகச் செதுக்கப்பட்டுள்ளது. ஆலிலைமேல் துயின்ற பெருமானை நாள்தோறும் ஸேவிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள், அலைகடலுக்கு அப்பால் அப்பெருமானுக்கு அத்தனை பெரிய கோயில் எழுந்ததை எண்ணி வியக்காமல் இருக்க இயலாது.

இப்பயணங்களும் பல்லாண்டுப் படிப்பும் 1927-இல் 'இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு' என்னும் நூலாகக் கனிந்தன. இந்தியா, இலங்கை, பர்மா, சயாம், காம்போஜம், சம்பா, ஜாவா ஆகிய நாடுகளின் கலையை ஒரே குடும்பத்தின் கிளைகளாக அவர் அந்நூலில் நிறுத்தினார். அதே வேளையில், அந்தந்த நாடு தன் இயல்பிற்கேற்பக் கலையை வளர்த்துத் தனதாக்கிக்கொண்டதையும் மறவாது எடுத்துக் காட்டினார்.

இக்கடல்வழி உறவுக்கு ஆண்டாள் பிறந்த ஊரார் பெருமை கொள்ளத்தக்க சான்று ஒன்று தாய்லாந்தில் உண்டு. பாங்காக் நகரத்துத் தேவஸ்தான அந்தணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவுக்குத் திரியம்பாவை, திரிபாவை என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் சொற்களே இவ்வாறு திரிந்தன என்பது அறிஞர் துணிபு. அவ்விழாவில் நிகழ்ந்து வந்த பேரூஞ்சல் ஆட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது. அவ்வூஞ்சலின் சிவந்த நெடுந்தூண்கள் மட்டும் இன்றும் நகர் நடுவே நிற்கின்றன. வில்லிபுத்தூரில் ஒரு கன்னி பாடிய பாவை, கப்பலேறிச் சென்று ஓர் அரச நகரின் விழாப் பெயராயிற்று.

கல்லில் வாழும் மரம்

கட்டடக்கலையில் ஆனந்தர் செய்த ஆய்வு தனிச் சிறப்புடையது. பண்டை இந்திய நகரங்களின் மாளிகைகளும் வாயில்களும் மரத்தால் ஆனவை, அவை அழிந்துபோயின. பார்ஹுத், சாஞ்சி, மதுரா, அமராவதி ஆகிய இடங்களின் புடைப்புச் சிற்பங்களில் அவற்றின் உருவம் தங்கியிருப்பதை ஆனந்தர் நுணுகிக் கண்டு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். பழைய நூல்களில் வரும் கட்டடக்கலைச் சொற்களுக்கும் பொருள் கண்டார்.

இதன் பயனை நம் ஊர்க் கோயிலிலேயே காணலாம். விமானத்தின் கொடுங்கையில் வரிசையாக அமைந்துள்ள கூடுகளை நோக்குங்கள். குதிரைக் குளம்பு போல் வளைந்த அவ்வடிவம், மரச்சட்டத்தின் மேல் கூரை வேய்ந்த பழைய வீட்டின் முகப்புச் சாளரமே ஆகும். மரம் மக்கிப்போயிற்று, அதன் நினைவைக் கல் சுமந்து நிற்கிறது. ஒரு கூட்டை உடைத்து அங்கே சிமென்டுப் பூவொன்றை வைத்தால், இரண்டாயிரம் ஆண்டு நினைவொன்று அழிகிறது.

இறுதி நாட்கள்

ஆனந்தர் முப்பது ஆண்டுகள் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். ஆனால் தெய்வத் திருவுருவங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதை இடைவிடாது எடுத்துரைத்தார். வழிபாட்டிற்காகச் செய்யப்பட்ட பொருளை வழிபாட்டிலிருந்து பிரித்துவிட்டால், அதன் உருவம் எஞ்சும், பொருள் நீங்கும். அருங்காட்சியகத்தின் காப்பாளரே இவ்வாறு கூறினார் என்றால், அவர் உள்ளத்தில் எத்தகைய ஏக்கம் இருந்திருக்க வேண்டும்! தம் பிற்காலத்தில் வேதங்களையும் உபநிடதங்களையும் மேல்நாட்டு ஞானியர் நூல்களையும் ஒப்பிட்டு ஆராய்வதில் ஆழ்ந்தார்.

பழைய கைவினைஞர் வாழ்வை அவர் அளவு கடந்து புகழ்ந்தார் என்றும், அக்காலத்து வறுமையையும் சாதிக் கட்டுப்பாட்டின் கொடுமையையும் போதிய அளவு நோக்கவில்லை என்றும் குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், உழைப்பவன் தன் உழைப்பில் அறிவும் மகிழ்வும் காண வேண்டும் என்னும் அவர் கொள்கை என்றும் மாறாத அறமாகும்.

1947 ஆகஸ்டு 15-இல் இந்தியா விடுதலை பெற்றது. அதற்கு ஒரு வாரம் கழித்து அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பணியினின்று ஓய்வு பெற்று, இந்தியாவிற்குத் திரும்பி, இமயத்தின் சாரலில் எஞ்சிய நாட்களைத் தவத்திற் கழிக்க அவர் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், பாஸ்டனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் அவர் காலமானார். மகனைக் காணக் கப்பலேற இருந்த தந்தை ஏறாமலே மறைந்தார். தந்தையர் நாட்டிற்குத் திரும்ப இருந்த மகனும் திரும்பாமலே மறைந்தார். ஆனந்தர் விரும்பிய தேசிய அருங்காட்சியகம் அவர் மறைந்த இரண்டாண்டுகளுக்குப் பின், 1949-இல் புதுதில்லியில் தோன்றியது.

நாம் கொள்ள வேண்டுவது

கலை, செய்வோன் ஒருவனால் மட்டும் வாழ்வதில்லை, செய்விப்போனாலும் வாழ்கிறது. கண்டியில் கை இருந்தது, புரவலர் இல்லை, கலை நலிந்தது. காசியில் கொடை இருந்தது, ஏற்பார் இல்லை. செல்வம் கடல் கடந்தது. ஆகவே திருப்பணிக்குப் பொருள் தரும் பெருமக்களின் பொறுப்பு, பொருள் தருவதோடு முடிவதில்லை. அப்பொருள் எதைச் செய்கிறது என்று பார்ப்பதும் அவர்கள் கடமையே ஆகும்.

இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இவ்வகையிற் பேறு பெற்ற ஊர்கள். ஒன்று, 192 அடி உயர்ந்து பதினொரு நிலைகளோடு விளங்கும் திருக்கோபுரத்தை உடையது. தமிழ்நாட்டு அரசின் சின்னத்தில் உள்ள கோபுரம் இதுவே என்று மக்கள் போற்றுவர். மற்றொன்று, நூற்பாலைத் தொழிலால் வளம் பெற்று அறம் பல வளர்க்கும் பெருமக்களை உடையது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் பின் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள், தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தது இராசபாளையத்திலேதான். காசியில் ஆனந்தர் கேட்டும் கிடைக்காத கொடைமனம் இம்மண்ணுக்கு உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அக்கொடைமனத்தோடு காணும் கண்ணும் சேர வேண்டும். ஜீர்ணோத்தாரணம் என்பது பழுதுற்றதைச் சீர் செய்தல். பழையதை எல்லாம் அகற்றுதல் அன்று. மணலை வேகமாக வீசிக் கல்லைத் தூய்மை செய்தால், கறுப்பு நீங்கும். அதனோடு கண்ணிமையும் விரல் நகமும் அணிகலனின் நுண்மணியும் தேய்ந்துபோகும். கல்வெட்டுள்ள சுவரில் சுண்ணம் பூசினால், முன்னோர் செய்த தருமத்தின் பத்திரத்தை நாமே மறைத்தவர்கள் ஆவோம். பழந்தூண் ஒன்றை அகற்றிப் பளிங்கு பதிப்பதற்கு முன்னர், நல்ல ஸ்தபதியாரையும் கல்வெட்டறிந்த ஒருவரையும் அழைத்துக் காட்டுதல் பெருஞ்செலவு அன்று. உபயதாரர் ஒருவர் தம் பெயரைப் புதிய கல்லில் பொறிப்பதைக் காட்டிலும், பழைய கல் ஒன்றைக் காத்தளிப்பது எம்பெருமானுக்கு உகந்த கைங்கர்யமாகும்.

ஆனந்த குமாரசுவாமி ஏழு கடல் தாண்டிச் சென்று கற்றதை, நாம் நம் கோயில் வாயிலிலேயே கற்கலாம். அடுத்த முறை ஸ்ரீ ஆண்டாளை ஸேவித்துத் திரும்பும்போது, கொடிமர மண்டபத்தில் ஒரு கணம் நின்று, விசுவகர்மாவின் தூணைக் கண்ணாரக் காணுங்கள். உடன் வரும் குழந்தைக்கும் அதனைக் காட்டுங்கள். பெயர் பொறிக்காது சென்ற அச்சிற்பிக்கும், அவனுக்காக உலகெலாம் வாதாடிய கலாயோகிக்கும் நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.

கோயில் விளங்கக் குடி விளங்குக. கோதை நாச்சியார் திருவடிகளே சரணம்.